கவிழ்த்து வைத்த துண்டுகள்

"நாளைக்கு ஏறிடுவேன்."

காலையில் எழுந்ததிலிருந்து பருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் துடைக்கும்போது சொன்னார். மனைவி சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது சொன்னார். செருப்பின் மேல் படுத்திருந்த பூனையை நகர்த்திவிட்டு அதனிடமும் ஒரு தடவை சொன்னார்.

"ஏறுங்க, யார் வேணாம்னா? முதல்ல டாக்டர் சரின்னு சொல்லட்டும்" என்றாள் மனைவி.

"டாக்டர் என்ன சொல்றது? கால் அவரோடதா, என்னோடதா?"

"உடைச்சுக்கிட்டப்போ மட்டும் ஊரோட காலா இருந்துச்சு. தூக்கிப் பிடிச்சவ நான், கட்டு மாத்தினவ உங்க மருமக. இப்ப உங்களோடதாயிடுச்சா?"

வாசலில் நின்றிருந்த மகன் சிரித்தான். "அப்பா, வாங்க. அம்மாவோட வாய்ல மாட்டினா நான்கூட இறக்கிவிட முடியாது."

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் நுழைகிறவர்களுக்கு நாலு வார்த்தை. துறைமுகத்தில் பெரிய கிரேனை ஓட்டுகிறவர் இந்த வீட்டுப் பெரியவர். உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருப்பதால் அங்கே அவருக்குப் பருந்து என்று பெயர். கீழே நின்று இரும்புப் பெட்டிகளுக்குச் சங்கிலி மாட்டி, கையைத் தூக்கிச் சைகை காட்டுகிறவன் அவருடைய ஒரே மகன். அவனுக்குப் பெயர் கொக்கி. கொக்கியைக் கட்டிக்கொண்டவள் சின்னக் குழந்தைகளின் பள்ளியில் வேலை பார்க்கிறாள். மாமனாருக்கு அவள் டீச்சரம்மா. நமக்கு டீச்சர் என்றால் போதும்.

கூண்டுக்குப் போகிற ஏணியில் கால் வழுக்கி விழுந்து பருந்து காலை முறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டால் பதில் இல்லை. கொடுத்தால் சாப்பாடு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அப்படி இருந்த மனிதர் ஒரு நாள் மனைவியின் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மிஷினில் துணியைத் தள்ளுகிற பல்லை இறக்கிவிட்டால் துணி தானாக நகராது. இரண்டு கையாலும் நாம்தான் நகர்த்த வேண்டும். ஊசி நின்ற இடத்திலேயே குத்தும், துணிதான் ஓடும். வட்டம், சுழி, இலை என்று எதை வேண்டுமானாலும் வரையலாம். குவில்ட் என்கிறார்களே, அந்த வேலை.

"கிரேனும் இதுவும் ஒண்ணுதான்டி" என்றார் அன்றைக்கு. "ரெண்டு கை, ஒரு கால், கண்ணு கீழ."

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் மறுபடி விளக்கு எரிந்த மாதிரி இருந்தது.

முழுப் போர்வை ஒன்றுகூட அவர் இன்னும் தைக்கவில்லை. எல்லாம் பழகு துண்டுகள்தான், கையளவு, முழ அளவு. "கை திருந்தட்டும்" என்பார். தைத்ததைக் கொண்டுவந்து மனைவி மடியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். சூடான சட்டியை இறக்க ஒன்று, நாற்காலிக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று, கண்ணாடி வைக்க உறையாக ஒன்று, பக்கத்து வீட்டுக்கு இரண்டு என்று அவற்றுக்கெல்லாம் வழி கண்டுபிடித்தவள் அவர் மனைவி, டீச்சரின் மாமியார்தான். முதல் முதலாகத் தைத்தது, அடிப்பக்கம் முழுக்க நூல் குருவிக்கூடாகச் சிக்கிக்கொண்டது, வாசலிலேயே சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதைப் பருந்தே தொங்கவிட்டார். வருகிறவர்களை நிறுத்திக் காட்டுவார். "பாருங்க, புழு செத்துக் கிடக்குது" என்று அவரே சிரிப்பார்.

இன்றைக்குத் துறைமுகத்து டாக்டர் அவரைப் பார்க்கிறார். சரி என்றால் நாளை காலை கூண்டுக்குள் ஏறலாம்.

அப்பாவும் பிள்ளையும் கிளம்பினார்கள்.

டீச்சருக்கு இன்று விடுமுறை. கையில் ஒரு காரியமும் இருந்தது.

"அத்தை, மாமாவோட பழகு துண்டு எல்லாத்தையும் எனக்குக் குடுத்திடுங்க."

"எதுக்கு?"

"எங்க பள்ளிக்கூடத்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கு. குழந்தைங்க உட்கார்ந்த உடனே ஒண்ணு மாத்தி ஒண்ணு பாத்ரூம் போகணும்னு கையத் தூக்குதுங்க. எல்லாத் துண்டையும் சேர்த்துத் தைச்சா பெரிய பாயா விரிச்சிடலாம். பஞ்சு இருக்குல்ல, கதகதன்னு இருக்கும்."

மாமியார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்த கரண்டியை மறுபடி கழுவினாள்.

"கூடத்துல கிடக்கறதை எடுத்துக்கோ."

"அது பத்தாது அத்தை. இத்தனை நாளா தைக்கிறாரே, மத்ததெல்லாம் எங்க?"

"எங்கயோ கிடக்கும். அழுக்குத் துணி. அதைப் போய்க் குழந்தைங்களுக்குப் போடுவியா?"

"துவைச்சுக்கலாமே."

"எனக்கு வேலை இருக்கு" என்று மாமியார் பின்பக்கம் போய்விட்டாள்.

டீச்சர் கூடத்தில் இருந்ததையெல்லாம் சேர்த்தாள். அழகான துண்டுகள். ஒரே ஓட்டத்தில் போட்ட சுழிகள், இலைக்கு நடுவே நரம்பு. ஒரு கூழாங்கல்லை இன்னொரு கூழாங்கல் தொட்டுக்கொண்டிருப்பது போலச் சின்னச் சின்ன வட்டங்கள். திருப்பிப் பார்த்தாள். அடித்துணி நீலக் கோடு, அவர்கள் அறையின் பழைய ஜன்னல் திரை. அவள்தான் கிழித்துக் கொடுத்தாள். வேறு சிலவற்றின் அடியில் பூப்போட்ட மெத்தை விரிப்பு. அது ஜன்னல் திரை தீர்ந்த பிறகு கொடுத்தது.

அப்புறம் பள்ளியிலிருந்து ஒரு மஞ்சள் மேசை விரிப்பும் கொண்டுவந்து கொடுத்தாளே, அது என்ன ஆயிற்று? ஒரு மஞ்சள் துண்டுகூட இங்கே இல்லை. ஆனால் பார்த்தபோதெல்லாம் மஞ்சள் துணிதான் மிஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

தேடினாள்.

முதலாவது பூனைப் பெட்டியில் கிடைத்தது. பூனையின் மெத்தைக்கு அடியில் கவிழ்த்துப் போட்டிருந்தது. அடுத்தது இஸ்திரி மேசையின் விரிப்புக்குள். ஒன்று நாலாக மடங்கி குளிர்பெட்டியின் ஆடுகிற காலுக்கு முட்டாக இருந்தது. இன்னொன்றுக்காக அவள் தேடவே இல்லை. சோபாத் திண்டின் மூலை கையில் கட்டியாகத் தட்டுப்பட்டது. உறையைத் திறந்தால் பஞ்சோடு பஞ்சாக மஞ்சள்.

எல்லாவற்றையும் கொண்டுவந்து கூடத்துத் தரையில் நேராகத் திருப்பிப் போட்டாள். நீலக் கோடு முதலில், பூ அதற்கு அடுத்து, மஞ்சள் கடைசியில்.

போட்டுவிட்டு அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நீலத்தில் அந்தத் தையல் புழு செத்துக் கிடந்து, பிறகு ஊர்ந்து, பிறகு நெளிந்து ஓடியது. பூவில் அது பறந்தது. மஞ்சளில்? மஞ்சளில் ஒரு வட்டம்கூட வட்டமாக இல்லை. ஒவ்வொரு வளைவிலும் ரம்பத்தின் பல்லைப் போல, மேலே கீழே மேலே கீழே என்று சின்னச் சின்ன வெட்டு. பழகாத கை இப்படிப் போகாது. பழகாத கை தயங்கும், அகலமாகப் போகும், ஓரிடத்தில் நூலைக் குவிக்கும். அது வாசலில் தொங்குகிறது. இது பழகிய கை. போகவேண்டிய வழி தெரிந்த கை. வழியில் யாரோ பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"எடுத்துட்டியா?"

பின்னால் மாமியார் நின்றிருந்தாள்.

"இதையெல்லாம் ஏன் அத்தை ஒளிச்சு வெச்சீங்க?"

"ஒளிக்கிறதாவது! அசிங்கமா இருந்துச்சு, அடியில போட்டேன்."

"அசிங்கமானதை அவரே வாசல்ல மாட்டி வர்றவங்களை எல்லாம் நிறுத்திக் காட்டுறாரு. அசிங்கத்துக்கு இந்த வீட்டுல யாரும் கூச்சப்படலையே."

மாமியார் கீழே கிடந்த ஒரு நூலைப் பொறுக்கினாள்.

"அவரோட டீயை ஏன் அரை டம்ளரா ஊத்துறீங்க? நான் சிக்கனம்னு நெனச்சேன். சட்டைப் பொத்தானை ஏன் நீங்க போட்டுவிடறீங்க? நான் கொஞ்சல்னு நெனச்சேன்."

"சும்மா இரு."

"மாமாவுக்குக் கை நடுங்குது."

"சும்மா இருன்னு சொன்னேன்!" மாமியார் சடாரென்று கீழே குனிந்து மஞ்சள் துண்டுகளை வாரினாள். வாரியதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போக இடம் இல்லாதவள் போல அங்கேயே நின்றாள். "முதல்ல ஊசி மொட்டைன்னு நெனச்சேன். மாத்திக் குடுத்தேன். அப்புறம் எண்ணெய் போட்டேன். அப்புறம் வீட்டுலயே அடைஞ்சு கிடக்காரு, அதான்னு நெனச்சேன். மேல ஏறினா சரியாயிடும். அந்தக் கூண்டுல உட்கார்ந்தா அவர் வேற மனுஷன்டி. நீ பார்த்ததில்ல."

"சரியாகலைன்னா?"

"சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே, அதை நீ பார்த்தியா இல்லையா? ராத்திரி பகல் அந்தச் சுவத்துக்கும் அவருக்கும் நடுவுல நின்னவ நான். கூண்டுலேர்ந்து இறக்கிட்டா அந்த மனுஷன் எனக்கு மிஞ்ச மாட்டாரு."

டீச்சரின் குரல் சன்னமாகிவிட்டது. "அத்தை, கீழ நிக்கிறது யாரு?"

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுங்க. நாளைக்கு அந்தக் கிரேன் கொக்கிக்கு அடியில நிக்கப்போறது யாரு?"

"எனக்குத் தெரியாதா? நான் பெத்தவடி."

"நான் கட்டிக்கிட்டவ."

பூனை வந்து தன் மெத்தையைக் காணாமல் கத்தியது.

டீச்சர் போனை எடுத்தாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை சில்லென்று இருந்தது.

"போன்ல வேணாம். பக்கத்துல அவரும் இருப்பாரு. பத்து பேர் நடுவுல அவர் மானம் போகும். சாயங்காலம் வரட்டும். நானே சொல்றேன்."

"சொல்வீங்களா?"

"என் பிள்ளை மேல ஆணையா."

அதற்குள் அழைப்பு போய்விட்டது. கொக்கி எடுத்துவிட்டான். அவனுக்குப் பின்னால் சங்கிலிச் சத்தம், யாரோ பெரிதாகச் சிரிக்கும் சத்தம்.

"ஹலோ! விஷயம் தெரியுமா? டாக்டர் சரின்னுட்டாரு! காலைத் தட்டிப் பார்த்தாரு, மடக்கச் சொன்னாரு, நடக்கச் சொன்னாரு. அப்பா நடக்கலை, குதிச்சே காட்டிட்டாரு!"

"காலை மட்டும்தான் பார்த்தாரா?"

"வேற என்னத்தைப் பார்க்கணும்? நீ எதுக்குக் கூப்பிட்டே?"

மணிக்கட்டில் மாமியாரின் பிடி இறுகியது.

"ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்துக்குப் பாய் தைக்கிறேன்ல... நடுவுல ஒரு துண்டு குறையுது. அதான்."

"இதுக்கா? அப்பாகிட்ட சொல்றேன். அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தருவாரு!"

வாயில் வந்த பொய் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் அவர்கள் வந்தபோது பருந்தின் கழுத்தில் துறைமுக அடையாள அட்டை மறுபடி தொங்கியது. வந்தவர் உட்காரவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்து காட்டினார்.

"பார்த்தியாடி? டாக்டரே சொல்லிட்டாரு, உங்க காலு என் காலைவிட நல்லா இருக்குன்னு."

"அவருக்கு என்ன காலோ" என்றாள் மாமியார். டீ கொண்டுவந்தாள். அரை டம்ளர். அதை அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

டீச்சர் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தட்டைப் பார்த்தாள்.

"அத்தை" என்றாள் டீச்சர்.

"அடுப்புல பால் இருக்கு" என்று மாமியார் உள்ளே போனாள். திரும்பி வந்தாள். "மழை வரும்போல இருக்கு" என்றாள். மறுபடி போய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். மடித்தாள். மடித்ததைப் பிரித்து இன்னொரு விதமாக மடித்தாள். நாலு தடவை வாயைத் திறந்தாள். நாலு தடவையும் வேறு ஏதோதான் வந்தது.

"அப்பா" என்றான் கொக்கி, "மறந்தே போனேன். உங்க டீச்சரம்மாவுக்குப் பாய்க்கு நடுவுல ஒரு துண்டு குறையுதாம். நாளைக்கு நீங்க மேல போயிட்டா இதுக்கெல்லாம் நேரம் ஏது? இப்பவே ஒண்ணு போட்டுக் குடுங்க. நானும் இதுவரைக்கும் நின்னு பார்த்ததே இல்ல."

"இப்ப வேணாம்டா. களைச்சு வந்திருக்காரு" என்றாள் மாமியார் அவசரமாக.

"களைப்பா? குதிச்சவரும்மா அவரு!"

பருந்து மருமகளைப் பார்த்தார். "துண்டு குறையுதாம்மா?"

ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. டீச்சருக்குத் தலை தானாக ஆடியது.

அவர் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். பஞ்சு வைத்து ஊக்கு குத்திய மஞ்சள் துண்டு ஒன்று தயாராகவே இருந்தது. விரலில் ரப்பர் ஒட்டிய கையுறையை மாட்டினார். அது ஏற நேரம் பிடித்தது. விளக்கைப் போட்டார். ஊசியை இறக்கினார். மிதித்தார்.

மிஷின் பாடியது. துணி நகர்ந்தது. கொக்கி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"ஹூம்" என்று நிறுத்தினார் பருந்து. "ஊசி மொட்டை."

"நான் மாத்தறேன்" என்று கொக்கி டப்பாவைத் திறந்தான். புது ஊசியைப் போட்டான். "ஓட்டுங்க."

ஓட்டினார். நிறுத்தினார். "நூல் சரியில்ல. இழுக்குது."

கொக்கி நூல்கண்டை மாற்றினான். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "சரி, இப்போ?"

மிஷின் ஓடியது. நின்றது. "இந்த லைட்டு கண்ணுல அடிக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அப்பா, இவ்வளவுதானா உங்க..."

சொல்லிக்கொண்டே விளக்கைத் திருப்பினான் கொக்கி. விளக்கு நேராக அவருடைய கைமேல் விழுந்தது.

கை மிஷின்மேல் இல்லை. துணியைத் தொடவும் இல்லை. முழங்காலின் மேல் சும்மா கிடந்தது. கிடந்த இடத்தில் தனக்குத்தானே ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் சுட்டுவிரலைத் தட்டிக்கொண்டே இருந்தது, எதையோ எண்ணுகிற மாதிரி.

கொக்கி மெதுவாகக் குனிந்து அந்தத் துண்டை ஊசிக்கு அடியிலிருந்து இழுத்தான். வட்டம் என்று தொடங்கிய மூன்றும் ரம்பமாக முடிந்திருந்தன. அவன் அம்மாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை என்பதையும் பார்த்தான்.

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"எனக்கு இன்னைக்குத்தான்" என்றாள் டீச்சர்.

"அம்மா?"

மாமியார் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சொல்லணும்னுதான்டா இருந்தேன்."

"அவளைக் கேக்காதே" என்றார் பருந்து. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவ எதை எங்க ஒளிச்சு வெச்சான்னு எனக்குத் தெரியும். குளிர்பெட்டி ஆடாம நிக்குதே, ஏன்னு நான் பார்க்க மாட்டேனா? அவளும் சொல்லலை, நானும் கேக்கலை. அவ ஒளிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்."

"எத்தனை நாளா?"

பருந்து விளக்கைத் தன் கைமேலிருந்து திருப்பிவிட்டார்.

"அப்பா, கால் உடையறதுக்கு முன்னாடி ஒரு நாள், பெட்டி என் தலைக்கு மேல ஆடுச்சு. நான் ஓடினேன். காத்துன்னு சொன்னீங்க. அன்னைக்குக் காத்தே இல்லையேன்னு சங்கிலிக்காரப் பெரியவர் சொன்னாரு. நான் அவரோட சண்டைக்குப் போனேன்."

"காத்து இல்ல" என்றார் பருந்து.

"ஏணில..."

"கால் வழுக்கலடா. கம்பியைப் பிடிச்சிருந்தேன். கை விட்டுடுச்சு. நான் விடலை, கை விட்டுச்சு." இடது கையால் வலது கையை மூடினார். "வீட்டுல உட்கார்ந்ததும் கொஞ்ச நாள் நின்னுச்சு. சரியாப் போச்சுன்னு நெனச்சேன். இந்த மிஷினைத் தொட்டதே அதைப் பார்க்கத்தான். ஓய்வு குடுத்தா போகுதா, பழகினா போகுதான்னு. நடுவுல எவ்வளவு நல்லா வந்துச்சு தெரியுமா? உங்கம்மாவைக் கேளு. எல்லாம் போட்டேன், இலைகூடப் போட்டேன்."

"தெரியும் மாமா. அழகா இருக்கு" என்றாள் டீச்சர். கேட்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. "அப்புறம் எதுக்கு மாமா டாக்டர்கிட்ட கையக் காட்டலை?"

"அவர் காலைத்தானே கேட்டாரு."

பருந்து கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக.

"மேல லீவர் பெரிசும்மா. துணி மாதிரி இல்ல. இறுக்கிப் பிடிச்சா அடங்கும். இவ்வளவு சின்ன நடுக்கமெல்லாம் கீழ தெரியாது." யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை. பிறகு மகனைப் பார்த்தார். "இருந்தாலும்... நாளைக்கு ஒரு நாள் நீ லீவு போட்டுடு."

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி மாமியார் நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் டீச்சர்.

"ஒரு நாள்தான். நான் ஏறி ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துக்கறேன். கை பிடிபட்டதும் அவன் வரட்டும்."

"உங்க பிள்ளைக்கு லீவு. சரி மாமா. அவர் இடத்துல கீழ நிக்க யாராவது வருவாங்கல்ல? அவங்களும் காலையில ஒரு வீட்டுலேர்ந்துதானே கிளம்பி வருவாங்க?"

பருந்து கழுத்தில் தொங்கிய அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க" என்றாள் மாமியார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் ஒளிச்சது இதுக்கா? என் பிள்ளையும் ஒரு நாள் தப்பிச்சுக்கட்டும்னு நீங்க கணக்குப் போடுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, அந்தத் துணியை எல்லாம் அன்னைக்கே தெருவுல விரிச்சிருப்பேன்."

"நீ சும்மா இரு."

"இவ்வளவு நாள் சும்மாதான் இருந்தேன்."

கொக்கி இதுவரை கையிலிருந்த மஞ்சள் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதை மிஷின் பலகையின்மேல் வைத்தான்.

"நான் லீவு போடலை" என்றான்.

"டேய்..."

"நீங்க சொல்றதைக் கேட்டு இத்தனை வருஷம் நின்னிருக்கேன். நீங்க மேல இருக்கீங்கன்னா நான் தலையைத் தூக்கிக்கூடப் பார்த்ததில்ல. நாளைக்கும் வர்றேன். உங்களுக்கு முன்னாடி போயிடுவேன். எப்பவும் நிக்கிற இடத்துலயே நிப்பேன். ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவேன். நீங்க ஏறணும்னா ஏறுங்கப்பா. இறக்கணும்னா இறக்குங்க. நான் நகர மாட்டேன்."

"பைத்தியமாடா உனக்கு?" மாமியார் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"துறைமுகத்துல போய் நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், நாளைக்கே அட்டையைக் கழட்டி வாங்கிடுவாங்க. சொல்ல மாட்டேன்மா. என் வாயால அவரை இறக்க மாட்டேன். அவரா இறங்கினா இறங்கட்டும்."

அம்மாவின் கையை மெதுவாக எடுத்துவிட்டு அவன் அறைக்குள் போனான்.

டீச்சர் பின்னாலேயே போனாள். கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள், இனி இந்த மனிதனை வெளியே விடுவதில்லை என்பது போல.

"என்னைக் கேட்டீங்களா?"

"எதை?"

"உங்க அப்பாவோட போட்டி போட என் புருஷனைப் பணயமா வெச்சீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவர் ஏற மாட்டாரு."

"அவ்வளவு நிச்சயமா?"

"எங்க அப்பா. எனக்குத் தெரியும்."

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவர் கையே உங்களுக்குத் தெரியாது."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். ஒரு காலுறையைக் கழற்றி அடுத்ததைக் கழற்ற மறந்துவிட்டான்.

"ஏறிட்டா?" என்றாள் டீச்சர்.

அவன் கழற்றிய காலுறையை உருட்டிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

கதவை யாரோ தட்டினார்கள். மென்மையாக, விரல் முட்டியால். ஒரு தட்டு தட்ட நினைத்து மூன்றாக விழுந்த தட்டு.

"டீச்சரம்மா" என்றது மாமனாரின் குரல். "தூங்கப் போகலையே?"

"இல்ல மாமா."

"கத்திரிக்கோல் உன்கிட்டதானே இருக்கு? எனக்குக் கை கோணலாப் போகும். அந்த மஞ்சள் துணியில இன்னும் ஒரு துண்டு வெட்டிக் குடும்மா. பெரிசா."

டீச்சர் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கினான்.

"எதுக்கு மாமா?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். மூச்சு கேட்டது. "பாய்க்கு நடுவுல ஒண்ணு குறையுதுன்னியேம்மா" என்றார்.